எண் போடாத கடிதம்

பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, நாற்பது வருஷத்துக்கு முன்னால், வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அழுதுகொண்டே எழுதி அனுப்பிய கடிதத்தின் இன்றைய விலை நாலாயிரத்து ஐநூறு ரூபாய். கட்டாக எடுத்தால் தள்ளுபடி உண்டு. தபால் செலவு தனி.

தஞ்சாவூர் கீழவாசலில், பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தம் அறையில் உட்கார்ந்து ஜெய்னுலாபுதீன் அந்த விளம்பரத்தைக் கைபேசியில் இரண்டு தடவை படித்தார். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, தண்ணீரில் ஊறிய நெல் மூட்டை எதுவாக இருந்தாலும், அது தானாக வந்த நஷ்டமா அல்லது பணத்துக்காக வரவழைத்த நஷ்டமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். அதனால் பொய் சொல்பவர்கள் மேல் அவருக்குக் கோபம் வருவதில்லை. மருத்துவருக்கு இருமல்காரன் மேல் கோபம் வருமா? ஊரில் ஏதாவது காணாமல் போனால் இன்றும் சிலர் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் இந்த மாடிப்படி ஏறுகிறார்கள்.

இன்று ஏறி வந்தவரோ ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

"'பழைய பேப்பர்தானேம்மா'ங்கறாங்க," என்றார் தர்மாம்பாள். பெண்கள் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது, பதினோரு நாவல்கள். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "சைக்கிள் போனா எழுதிக்குவாங்களாம். ஆடு போனா எழுதிக்குவாங்களாம். கடுதாசி போனா எந்தப் பிரிவுல எழுதறதுன்னு தெரியலையாம். முப்பது வருஷத்துக்கு மேல நான் பாடம் நடத்தின ஊருங்க இது."

"நான் அப்பவே சொன்னேன் பாய், நோட்டீஸ் ரெடியா இருக்குன்னு," என்றார் கூட வந்திருந்த வக்கீல் செம்மொழி. தர்மாம்பாளின் பழைய மாணவி. நாற்பத்தைந்து வயது. குற்றவாளி யாரென்று தெரிவதற்கு முன்பே அவன் பேருக்கு இடம் விட்டு நோட்டீஸ் தட்டச்சு செய்துவிடும் சுறுசுறுப்பு. இதற்கு முன் சில விவகாரங்களில் ஜெய்னுலாபுதீனோடு அலைந்த அனுபவமும் உண்டு.

"பேரு போடற இடம் காலியா இருக்குல்ல வக்கீலம்மா? அதை ரொப்பறதுக்கு ஒரு வழி பாப்போம். டீச்சரம்மா, முதல்லேர்ந்து சொல்லுங்க."

தர்மாம்பாள் சொன்னார். எழுத ஆரம்பித்த காலத்திலிருந்து அவருக்குக் கடிதம் வராத நாள் குறைவு. கதையைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் ஒரு வகை. கதையைப் படித்துவிட்டுத் தங்கள் கதையை எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை பெரும்பாலும் பெண்கள். வயலுக்குப் போகிறவர்கள், சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர்கள், மாமியார் தூங்கிய பிறகு விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள்.

"அவங்களுக்கெல்லாம் பதில்ல முதல் வரி ஒண்ணேதான் எழுதுவேன். 'உங்கள் கடிதத்தை என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள்.' அதுலயும் வெளியில தெரியவே கூடாத கடிதங்களை மட்டும் தனியா ஒரு மஞ்சள் பையில போட்டு பீரோவுல பூட்டி வச்சிருந்தேன். இப்ப ஒருத்தன் படிச்சிருக்கான். படிச்சது மட்டுமில்ல, விலையும் போட்டிருக்கான். நாப்பது வருஷமா எழுதின வரியைப் பொய்யாக்கிட்டான். அவனைத் திருடன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான்தான் பொய்க்காரியா நிக்கறேன்."

விளம்பரத்தின் வாசகம் இது: 'புகழ்பெற்ற பெண் எழுத்தாளருக்கு வந்த அந்தரங்கக் கடிதங்கள், அசல். மேலே உள்ள கடிதத்தை எழுதியவர் கீழ்வேளூர் பக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறார். சனிக்கிழமைக்குள் முதலில் பணம் தருபவருக்கு.'

உயிரோடு இருக்கிறார் என்பதைக் கூடுதல் தரமாகச் சேர்த்திருந்தான். மீன் விற்கிறவன்கூட அதை மீனுக்குத்தான் சொல்வான்.

"அந்த மேல் கடுதாசி..." என்று ஜெய்னுலாபுதீன் ஆரம்பித்தார்.

"எழுதினவ பேரு அம்சம். அதுல என்ன இருக்குன்னு கேட்டீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். அது வெளியில வந்தா இந்த வயசுல அவளுக்கு இருக்க ஒரு வீடு இருக்காது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"கேக்க மாட்டேங்க. எழுதினது என்னன்னு எனக்கு வேண்டாம். எடுத்தது யாருன்னுதான் வேணும். பையில எத்தனை இருந்துச்சுன்னாவது தெரியுமா?"

"எண்ணி வைக்கற சாமானா அது?"

அவர் தலையாட்டிவிட்டு விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். விசிறி மாதிரி விரித்து வைத்த கடிதங்கள். ஒவ்வொன்றின் வலது மேல்மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஓர் எண்: இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் போய்க் கடைசித் தாளில் பதினான்கு. எல்லாவற்றுக்கும் மேலே முழுதாகத் தெரிந்த, கதையைப் பாராட்டுவதோடு நின்ற முதல் பக்கத்தின் மூலையில் மட்டும் எதுவும் இல்லை.

"பாத்தீங்களா பாய்?" என்றார் செம்மொழி. "ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்குது. ஒன்னாம் நம்பரை ஒளிச்சு வச்சிருக்கான். அதுதான் பெரிய வெடி. அதை வச்சுத் தனியா மிரட்டிப் பணம் பறிக்கப் போறான். பிளாக்மெயில். நோட்டீஸ்ல அதையும் சேத்துடறேன்."

"அவசரப்பட்டுச் சேத்துடாதீங்க," என்றார் ஜெய்னுலாபுதீன்.

மருத்துவக்கல்லூரிச் சாலையை ஒட்டிய தெருவில் தர்மாம்பாளின் வீடு. அவர்கள் போனபோது அன்றைய தபால் வந்து மேஜையில் கிடந்தது. ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தது. பயணப்படி இல்லை, பொன்னாடை உண்டு. கவிஞர் ஒருவர் நானூறு பக்கக் கவிதையை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் அணிந்துரை வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். கோடியக்கரையிலிருந்து உப்பளத்து ஊழியர் ஒருவர் இந்த வருஷம் பூநாரைகள் முன்னதாகவே வந்துவிட்டதாக எழுதியிருந்தார். பழைய மாணவி ஒருத்தியின் அறுபதாம் கல்யாண அழைப்பு, திருக்கடையூரில். மின்சார வாரியத்தின் ரசீது. இவற்றில் மின்சார வாரியம் தவிர அனைவருக்கும் தர்மாம்பாள் இன்று மத்தியானத்துக்குள் அஞ்சலட்டையில் பதில் எழுதிவிடுவார். பொன்னாடைக்காரர்களுக்கு எழுதும் பதில் மட்டும் சற்றுச் சூடாக இருக்கும்.

பீரோ பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் ஸ்டாம்பு டப்பா. ஜெய்னுலாபுதீன் மஞ்சள் பையை எடுத்துப் பார்த்தார். உள்ளே கடிதங்களுக்குப் பதில் பழைய வாரப்பத்திரிகைகள் மடித்துத் திணிக்கப்பட்டிருந்தன. ஒன்றின் அட்டையைப் பாதியாகக் கிழித்து, பாதியை மட்டும் வைத்திருந்தான்.

"அட்டையை ஏன் கிழிச்சான்?" என்றார் செம்மொழி.

"பையை இதுக்கு முன்ன தூக்கியிருக்கீங்களா டீச்சரம்மா? இப்ப தூக்கிப் பாருங்க."

தர்மாம்பாள் தூக்கினார். "இதே கனம்தான். அதனாலதான் பூட்டும்போதெல்லாம் எனக்குத் தெரியாமப் போச்சு."

"அப்படியா," என்றார் ஜெய்னுலாபுதீன். கிழிந்த அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அந்த அறைக்குள் வந்து போகிறவர்கள் மூன்று பேர். அன்றைக்கே மூவரையும் பார்த்தார்கள்.

மாடியில் குடியிருந்த ராஜராஜன், தர்மாம்பாளின் தம்பி மகன். மஸ்கட்டில் பிறந்து, படித்து, இங்கே வந்து மனைத் தரகு செய்கிறவன். "அத்தை, இந்தப் பேப்பரெல்லாம் கரையானுக்குத் தீனி. இந்த இடத்துக்கு என்ன ரேட் போகுது தெரியுமா?" என்று ஆரம்பித்து, "சந்தேகம்னா அந்தப் பழைய புத்தகக் கடை பாயைத்தான் புடிக்கணும். பழைய பேப்பர் காசாகும்னு அவருக்குத்தானே தெரியும்?" என்று முடித்தான்.

"ஏம்ப்பா, நானும் பாய்தான்," என்றார் ஜெய்னுலாபுதீன். "என்னையும் புடிப்பியா?"

ராஜராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தான்.

பழைய புத்தகக் கடை ஹாஜா மைதீன் மாதத்துக்கு ஒருமுறை வந்து, தர்மாம்பாளுக்கு வேண்டாத இதழ்களை எடை போட்டு எடுத்துப் போகிறவர். கடையில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலில் விலை எழுதியிருந்தது. செம்மொழி அதைக் கண்டதும் ஜெய்னுலாபுதீனின் முழங்கையைத் தட்டினார். ஹாஜா மைதீன் அதைப் பார்த்துவிட்டார்.

"பென்சில் வச்சிருந்தா திருடனாங்க? அப்ப ஆசாரியெல்லாம் யாரு?" கையிலிருந்த புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "டீச்சரம்மா பொஸ்தகத்துல ஒரு தடவை நூறு ரூவா நோட்டு இருந்துச்சு. நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வந்தேன். அதை அவங்க சொல்லலியா? போலீஸ்காரரு காலையிலேயே வந்து என் சாக்கையெல்லாம் கொட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு. கடுதாசி போனதை எழுதிக்க ஆளில்லை, என் கடையைக் கலைக்க மட்டும் ஆளிருக்கு."

மூன்றாவது ஆள் பரணிதரன். தர்மாம்பாளின் எழுத்துகளை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவன். வாசகர் கடிதங்களுக்கு அட்டவணை போட அனுமதி வாங்கி ஒரு வருஷமாக வருகிறான். மஞ்சள் பைக்கு மட்டும் அனுமதி கிடையாது. அவன் விடுதி அறைக்கு மாடியேறிப் போனார்கள். அடக்கமான பேச்சு.

"நான் பென்சிலே பயன்படுத்தறதில்லீங்க. என் நம்பர் எல்லாம் ஸ்டிக்கர்லதான். பாருங்க."

"ஒரு ஐநூறு கடிதம் பாத்திருப்பீங்களா?" என்று செம்மொழி கேட்டார்.

"ஐநூறா?" அவன் முகம் சட்டென்று சிவந்தது. "ஆயிரத்து நூறுக்கு மேல முடிச்சிருக்கேங்க. குறைச்சுச் சொல்லாதீங்க. உதவித்தொகை மாசக்கணக்கா வரலை, அப்படியும் வேலையை நிறுத்தலை."

"வீட்டுல என்ன பண்றாங்க தம்பி?" என்றார் ஜெய்னுலாபுதீன்.

"அப்பா நீடாமங்கலத்துல நெல் மண்டி வச்சிருந்தாரு. நொடிச்சுப் போச்சு. பள்ளிக்கூட லீவெல்லாம் மண்டியிலதான் எனக்கு. மூட்டை எண்ணியே வளந்தேன்."

கீழே இறங்கியதும் செம்மொழி தீர்ப்பு வழங்கினார். "ராஜராஜன்தான் பாய். அத்தை மனசு ஒடிஞ்சா வீட்டை வித்துட்டு அவங்க எங்கயாவது போவாங்க. கணக்கு நேரா இருக்கு."

"நேராத்தான் இருக்கு. ஆனா வீட்டைக் காலி பண்ண நினைக்கறவன் கடுதாசிக்கு நம்பர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பானா? வாங்க, நாமளும் கொஞ்சம் வியாபாரம் பண்ணுவோம். உங்க போன்ல வேற பேருல விற்கறவனுக்கு எழுதுங்க."

மறுநாள் காலை பாத்திரக் கடை மாடியில் பேரம் தொடங்கியது. ஜெய்னுலாபுதீன் சொல்லச் சொல்லச் செம்மொழி தட்டினார். விலை ரொம்ப அதிகம் என்று எழுதினார்கள். விற்கிறவன் நிதானமாக, விலை குறையாது என்று மத்தியானம் பதில் போட்டான். பாதி விலைக்குக் கேட்டார்கள். அதற்கும் அவன் கோபப்படவில்லை. வேறு ஆள் இருக்கிறார் என்றான். இது சட்டப்படி சரியா என்று கேட்டார்கள். பதிலே இல்லை.

"அசைய மாட்டேங்கறானே," என்றார் செம்மொழி.

"விலையைத் தொட்டா அசைய மாட்டான். சட்டத்தைத் தொட்டா மறைஞ்சுக்குவான். வேற இடத்துல தொட்டுப் பாப்போம். எழுதுங்க: 'படத்தைப் பார்த்தேன். ஒன்றாம் எண் இல்லை. கட்டில் ஒன்று குறைகிறது. குறைச்சலான சரக்கைக் கொடுத்து ஏமாற்றுகிறீர்கள்.'"

செம்மொழி அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் பதில் வந்து விழுந்தது.

'குறைச்சல் என்ற பேச்சே வேண்டாம். மேலே இருப்பதுதான் முதல். முதலாவதுக்கு எண் போடுகிற வழக்கம் இல்லை. பதினாலும் சரியாக இருக்கும். வந்து எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.'

ஜெய்னுலாபுதீன் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு, பழைய பஸ் ஸ்டாண்டு வாசல்ல பணத்தோட நிக்கறோம்னு எழுதுங்க. மூணு பேரையும் பத்து மணிக்கு டீச்சரம்மா வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"யாருன்னு தெரிஞ்சுடுச்சா பாய்? சொல்லுங்களேன்."

"சனிக்கிழமை சொல்றேன். இப்ப சொன்னா நீங்க நோட்டீஸை ரொப்பிடுவீங்க."

சனிக்கிழமை மூவரும் வந்திருந்தார்கள். வராவிட்டால் சந்தேகம் தன்மேல் விழும் என்கிற பயம் மூவரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ராஜராஜன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். ஹாஜா மைதீன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பரணிதரன் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தான்.

"டீச்சரம்மா நிறையப் பதில் எழுதணுமாம்," என்றார் ஜெய்னுலாபுதீன். மூவரிடமும் ஆளுக்கொரு அடுக்கு வெற்று அஞ்சலட்டைகளைக் கொடுத்தார். "எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. வாய்விட்டு எண்ணுங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"இதுக்குத்தான் வரச் சொன்னீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ராஜராஜன் "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணி முடித்தான். ஹாஜா மைதீன் விரல்களால் ஐந்தைந்தாகத் தள்ளி, "அஞ்சு, பத்து, பதினஞ்சு" என்று ஒரு மூச்சில் வைத்தார்.

பரணிதரன் அட்டைகளைத் தட்டிச் சீராக்கிக்கொண்டு, வேகமாகத் தள்ளினான். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

அவன் இருபதில் முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"முதல் அட்டைக்கு என்ன சொன்னீங்க தம்பி?" என்றார் ஜெய்னுலாபுதீன்.

"முதல்... ஒன்னு."

"லாபம்னு சொன்னீங்க. தப்பில்லை. நெல் அளக்கறப்ப முதல் மரக்காலை ஒன்னுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. எங்க வாப்பா ஜவுளி எண்றப்ப முதல் துணிக்கு பிஸ்மில்லா சொல்வாரு; நம்பர் ரெண்டுலதான் தொடங்கும். வக்கீலம்மா ஒன்னாம் நம்பரை யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னாங்க. அதை யாரும் ஒளிக்கலை. மண்டிக்காரர் வீட்டுக் கை முதல் கடுதாசியை லாபம்னு சொல்லி வச்சிட்டு, அடுத்ததுலேர்ந்து நம்பர் போட்டுருக்கு. வாய் சொன்னதைக் கை எழுதலை, அவ்வளவுதான்."

பரணிதரன் சிரிக்க முயன்றான். "சார், இந்த டெல்டாவுல லாபம்னு எண்றவங்க லட்சம் பேர் இருப்பாங்க."

"இருப்பாங்க. அந்த லட்சம் பேருக்கும் இந்த ஸ்டாம்பு டப்பாவுல சாவி இருக்கறது தெரியாது. இன்னொண்ணு. பையிலேர்ந்து எடுத்தவன் அதே எடைக்கு வேற பேப்பரை வச்சிருக்கான். கொஞ்சம் கூடிப் போச்சுன்னு ஒரு அட்டையைப் பாதியாக் கிழிச்சிருக்கான். ராஜராஜன் எடுத்திருந்தா பையைக் காலியா விட்டிருப்பாரு. ஹாஜா மைதீனும் எடை போடற ஆளுதான். ஆனா திருட்டுச் சரக்குன்னா, அது சீக்கிரம் கைமாறட்டும்னு விலையைக் குறைப்பாரு. இவன் ஏத்தியிருக்கான், எழுதினவங்க உயிரோட இருக்காங்கன்னு வேற போட்டிருக்கான். கடுதாசிக்குள்ள என்ன இருக்குன்னு உக்காந்து படிச்சவனுக்குத்தான் அந்த விலை தெரியும்."

"நீங்க ஊகம் பண்றீங்க."

"முதல்ல வெறும் ஊகம்தான். அப்புறம் நாங்க ஒரு சேதி அனுப்பினோம். திருடன்னு சொல்லியிருந்தா பதில் வந்திருக்காது. குறைச்சல்னு சொன்னோம். பொறுக்கலை. பதினாலும் சரியா இருக்கும், வந்து எண்ணிக்கங்கன்னு உடனே பதில் வந்துச்சு. திருடலாம், விக்கலாம், ஆனா அளவு குறையுதுன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. அப்பா மண்டியில நல்லாத்தான் பழக்கியிருக்காரு. பாதியை மட்டும் எடுத்துக்கிட்டீங்க."

செம்மொழி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல கட்டைக் கொடுக்கறதாச் சொல்லியிருக்கான். இங்கேருந்து நேராப் போனாத்தான் முடியும்."

எல்லாருடைய பார்வையும் பரணிதரனின் மடியில் இருந்த பைக்குப் போயிற்று. அவன் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தான். வைத்ததுதான் பதில்.

"கொடு," என்றார் தர்மாம்பாள்.

அவன் எடுத்துக் கொடுத்தான். கொடுத்தபிறகு வாய் திறந்தது. "மேடம், இதெல்லாம் சமூக வரலாறு. உங்க பீரோவுல கிடந்து மக்கிப் போயிருக்கும். யாராவது காசு கொடுத்து வாங்கினாத்தான் பத்திரமா வச்சுக்குவாங்க. எட்டு மாசமா எனக்கு..."

"உனக்குப் பசின்னா என்கிட்ட கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பேன்." தர்மாம்பாளின் குரல் உயரவில்லை, அதனால் அறை இன்னும் இறுகியது. "வரலாறுங்கற. இதை எழுதினவ எவளாவது வரலாறுக்குன்னு எழுதினாளா? எனக்குன்னு எழுதினா. பொம்பளைங்க அழுதுட்டு மூக்கைச் சிந்தின முந்தானையைக்கூட ஆவணம்னு எடுத்துட்டுப் போய் விலை சொல்லுவீங்களா? என் எழுத்துல பெண்ணுரிமைன்னு ஒரு அத்தியாயம் எழுதிக் காட்டினியே. அதை எந்தக் கையால எழுதின?"

பரணிதரன் தோள்பையின் வாயை இழுத்து மூடினான்.

"போலீஸைக் கூப்பிடறேன்," என்று செம்மொழி போனை எடுத்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். முகம் மாறியது. "அம்மா, வழக்குப் போட்டா இந்தப் பதினாலும் சான்றாவணம் ஆயிடும். ஸ்டேஷன்ல படிப்பாங்க. கோர்ட்டுல நகல் எடுப்பாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பாரு."

"தெரியும்," என்றார் தர்மாம்பாள். "இவனுக்கும் தெரியும். நாம வழக்குப் போட முடியாதுன்னு தெரிஞ்ச சரக்காப் பாத்துத்தான் எடுத்திருக்கான்."

ஜெய்னுலாபுதீன் முதல்தடவையாகக் கோபப்பட்டவர்போல் தெரிந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

தர்மாம்பாள் மேஜைக்குப் போய் ஓர் அஞ்சலட்டையை எடுத்தார். பரணிதரனின் ஆய்வு நெறியாளருக்கு, அவன் முன்னாலேயே எழுதினார். தம் கடிதங்களைப் பார்க்க அவனுக்குக் கொடுத்த அனுமதி இன்றோடு ரத்து. காரணம், பூட்டிய பீரோவிலிருந்து கடிதங்களைத் திருடி விற்க முயன்றான். மறுப்பதானால் நேரில் வரட்டும். கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

"மேடம், கவர்ல போடுங்க," என்றான் பரணிதரன். "தபால்காரர், ஆபீஸ் பியூன், எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும். உன்னுது ஒண்ணும் அந்தரங்கம் இல்ல."

அட்டையை ஹாஜா மைதீனிடம் கொடுத்து, போகிற வழியில் தபால் பெட்டியில் போடச் சொன்னார். ஹாஜா மைதீன் அதை வாங்கி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ராஜராஜன் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வேண்டாம் தம்பி, அப்புறம் ஒரு நாள் கடைக்கு வந்து சொல்லுங்க. கொட்டின சாக்கை அடுக்க ஒரு ஆள் வேணும்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

விளம்பரத்தைச் செம்மொழி அவன் கையாலேயே நீக்க வைத்தார். அதற்குள் முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த வாரம் தர்மாம்பாள் கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினார். கூட வருகிறேன் என்ற செம்மொழியை வேண்டாமென்றுவிட்டார். அம்சம் ஊருக்கு வெளியே தன் குத்தகை வயலின் வரப்பில் நின்று, நாற்றுப் பறிக்கிற ஆட்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மாதம் ஒன்றாக நாற்பது வருஷக் கடிதப் பழக்கத்தில் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. பேரைச் சொன்னதும் அம்சம் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள்.

தர்மாம்பாள் எதையும் மறைக்காமல் சொன்னார்.

"என் பேரு அதுல தெரிஞ்சுதுங்களா டீச்சர்?"

"இல்லம்மா. ஊரைப் போட்டிருந்தான். உன் எழுத்துல முதல் பக்கம் மட்டும் தெரிஞ்சுது."

அம்சம் விரலிடுக்கில் காய்ந்த சேற்றைச் சுரண்டினார். "என் எழுத்து யாருக்குத் தெரியும்? உங்களைத் தவிர நான் யாருக்கும் ஒரு வரி எழுதினதில்லையே."

தர்மாம்பாள் பையைத் திறந்தார். கடிதத்தை எடுத்து நீட்டினார். அம்சம் அதைப் பிரிக்காமல் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனிமே எழுத மாட்டேங்க. உங்க மேல கோவம் இல்ல டீச்சர், சத்தியமா இல்ல. எழுத உக்காந்தா இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கும்." அவர் எழுந்தார். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. கெண்டைக் குழம்பு."

தர்மாம்பாள் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

மற்றக் கடிதங்களுக்கு உரியவர்களையும் தேடிப்போய் முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. என்ன ஆயிற்று என்று ஜெய்னுலாபுதீன் ஒரு நாள் போனில் கேட்டார். தர்மாம்பாள் பதிலைப் போனில் சொல்லவில்லை. ஒட்டிய உறைக்குள் வைத்து அனுப்பினார்:

'கட்டில் இருந்தவை பதினான்கு. எழுதியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது ஒன்பது. எழுதியவர் இறந்துவிட்டதால் நானே அடுப்பில் போட்டது நான்கு. ஆள் இருக்கும் இடம் தெரியாமல் என்னிடம் நிற்பது ஒன்று. இதுவரை கணக்குச் சரி. அம்சத்திடமிருந்து மாதம் ஒரு கடிதம் வர வேண்டும். போன மாதம் வரவில்லை. இந்த மாதமும் வரவில்லை. அந்தப் பாக்கியை யாரிடம் கேட்பது?'